கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டெங்குக் காய்ச்சல் பரவும் நாள்களில் நாளிதழ்களில் வரும் அறிவுரைகள் பெரும்பாலும் "தேங்கிய நீரைக் கொட்டிவிடுங்கள்" என்பதோடு நின்றுவிடுகின்றன. அது தேவையான அறிவுரைதான். ஆனால் கொசு முட்டையைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா, மஞ்சள் காய்ச்சல் ஆகிய வைரஸ் நோய்களைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு, தன் முட்டைகளைப் பெரும்பாலும் தொட்டி, குடம், பழைய டயர் போன்றவற்றின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உள்ள ஈரப் பகுதியில் ஒட்டிவைக்கிறது. கரு வளர்ந்துவிட்ட முட்டை, நீர் வற்றிய பின்னும் பல மாதங்கள் உயிரோடு காத்திருக்கும். மறுபடி நீர் ஏறி நனைத்ததும் பொரிந்து, வெப்பமான சூழலில் ஏறத்தாழ ஒன்றிரண்டு வாரங்களில் பறக்கும் கொசுவாகிவிடும். ஆகவே நீரைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தை அப்படியே வைப்பவர் நீரில் நெளியும் கொசுப்புழுக்களை ஒழிக்கிறாரே தவிர, சுவரில் ஒட்டியிருக்கும் முட்டைகளை ஒழிப்பதில்லை. வாரம் ஒருமுறையேனும் தேங்காய் நாரோ பிரஷோ கொண்டு உட்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவினால்தான் அவை அகலும்.

புகை மருந்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது பறக்கும் கொசுவைக் கொல்லுமே ஒழிய, முட்டையை ஒன்றும் செய்யாது. வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியிலும் தொங்கும் துணிகளுக்கு இடையிலும் ஒதுங்கியிருக்கும் கொசுக்களைத் தெருவில் அடிக்கும் புகை முழுமையாக எட்டுவதுமில்லை. புகை அடித்தாயிற்று என்ற நிம்மதியில் தொட்டிகளை மக்கள் மறந்துவிடுவதே எனக்குப் பெரும் கவலையாக இருக்கிறது.

அமெரிக்கக் கண்டங்களில் 1947-இல் தொடங்கிய ஒழிப்புத் திட்டத்தால், 1962-க்குள் 18 நாடுகளில் இந்தக் கொசு அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. பின்னர் கண்காணிப்பும் நிதியும் குறைந்ததும் அந்நாடுகளில் பலவற்றுக்கு அது திரும்பி வந்தது. வீடு வீடாக நீர்க்கலன்களைச் சோதிக்கும் சலிப்பூட்டும் பணியை இடைவிடாது செய்தவரையில்தான் அந்த வெற்றி நிலைத்தது என்பதை நிர்வாகங்கள் கவனிக்க வேண்டும்.

ஒருமுறை டெங்கு வந்தால் இனி வராது என்று நம்புவோர் பலர். டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உள்ளன. ஒரு வகை தாக்கியபின் கிடைக்கும் நீடித்த எதிர்ப்பாற்றல் அந்த வகைக்கு மட்டுமே உரியது. வேறு வகை இரண்டாம் முறை தாக்கும்போது நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுதல். முன்பே காய்ச்சல் கண்ட பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதனாலேயே மேலும் கவனம் தேவை.

காய்ச்சல் பரவிய பிறகு எழுதுவதைக் காட்டிலும், மழைக்கு முந்தைய வறண்ட மாதங்களிலேயே, காலியாகக் கிடக்கும் கலன்களைத் தேய்த்துக் கழுவும் முறையை விளக்கப் படத்துடன் தங்கள் நாளிதழில் வாரந்தோறும் வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்