சுற்றிப்போன ஜேசிபி அண்ணனுக்கு

புயல் கதையைத் திரும்பச் சொல்லப்போவதில்லை, எல்லோரும் பார்த்ததுதான். மணல்மேட்டுக்குப் பின்னால் இருந்த வீடுகளுக்குள் கடல் நுழையவில்லை. அந்த நிம்மதியோடு எழுதுகிறேன்.

முதல் நன்றி, மறுநாள் ஜேசிபி ஓட்டிவந்த அண்ணனுக்கு. சாலையை மூடிக் கிடந்த மணலை அள்ள வந்தவர். மேட்டின் குறுக்கே ஏறிப்போனால் வேலை சீக்கிரம் முடியும். பலரும் அப்படித்தான் போகச் சொன்னார்கள். மேட்டின் முன்பக்கத்தை அலை அறுத்துப் போட்டிருந்தது. அறுபட்ட இடத்தில் ராவணன் மீசை என்கிற மணல்மேட்டுப் புல்லின் வேர்கள் வெளியே தொங்கின. அண்ணன் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தார். "இதெல்லாம் உயிரோட இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றோம். மறுபேச்சுப் பேசாமல் வண்டியைத் திருப்பிச் சுற்றுவழியில் போனார். அதோடு விடவில்லை. அள்ளிய மணலில் இருந்த குப்பையை ஒதுக்கிவிட்டு, மணலை மேட்டின் அடியிலேயே கொண்டுவந்து கொட்டினார். நாங்கள் கேட்கக்கூட இல்லை.

அண்ணே, அந்தப் புல் செய்கிற வேலை உங்களுக்குத் தெரிய வேண்டும். புல்லில் பட்டதும் காற்றின் வேகம் குறைந்து, சுமந்துவந்த மணல் அங்கேயே விழுகிறது. மணல் மூட மூடப் புல் மேலே கிளம்பும். ஓடும் தண்டு கணுவுக்குக் கணு வேர்விடும். மேடு இப்படித்தான் வளர்கிறது. புயலில் மேடு கரைந்துபோனதே என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். கரைய வேண்டியதுதான்! கரைந்த மணல் கரையை ஒட்டிக் கடலுக்கடியில் திட்டாகப் படிந்து, பின்னால் வரும் அலைகளை முன்கூட்டியே உடைக்கிறது. கடல் அடங்கியதும் அதில் கணிசமான பங்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குத் திரும்பும். அதைப் பிடித்துவைக்கப் புல் இருக்க வேண்டும். நீங்கள் குறுக்கே ஏறியிருந்தால் இருந்திருக்காது.

மேட்டைக் காக்கக் கயிறு கட்டியவர்கள், கம்பு நட்டவர்கள், மாடுகளை அந்தப் பக்கம் விடாதவர்கள், 'புதர் மறைக்கிறது, வெட்டுங்கள்' என்ற பேச்சுக்கு மசியாதவர்கள், எல்லோருக்கும் சேர்த்து நன்றி. எனக்கென்னவோ மொட்டை மணலைவிட, ஊதாப் பூப்பூத்த அடப்பங்கொடியும் காற்றில் உருண்டோடி விதை தூவும் ராவணன் மீசை முள்ளுருண்டைகளும்தான் அழகு.

கடலுக்குப் போகும் பாதையை இனி வளைத்துப் போடப்போகிறோம். நேர்ப்பாதை காற்றுக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுத்த மாதிரி. மணலை வாரிக்கொண்டு போய்விடும். மழை பிடித்ததும் வெற்றிடங்களில் தண்டு நடுகிறோம். வருகிறவர்கள் செருப்புப் போட்டு வாருங்கள், ராவணன் மீசை நன்றாகவே குத்தும். அண்ணனும் வந்தால் சந்தோஷம்.