பிளேனர் டிரைவர் ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ஸ்கேல் எடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல வீட்லயே லைன் அரே ஸ்பீக்கர் (நிறைய டிரைவரை மேலயும் கீழயுமா ஒரே வரிசையில அடுக்கினது) செய்யறதைப் பத்தி வந்த கட்டுரையை ஒரு வரி விடாம படிச்சேங்க, தமிழ்ல இதை எழுத ஒருத்தர் முன்வந்ததே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனா அதுல "பிளேனர் டிரைவர் போட்டா காம்ப் ஃபில்டரிங் வரவே வராது, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா போதும்"னு ஒரு வரி வருது. பிளேனர்னா தட்டையான மெல்லிய பிலிம் அசைஞ்சு சத்தம் தர்ற டிரைவர், காம்ப் ஃபில்டரிங்னா பக்கத்துப் பக்கத்து டிரைவர்ல இருந்து வர்ற சத்தம் ஒண்ணோட ஒண்ணு மோதி சில ஸ்வரம் கூடி சில ஸ்வரம் குறையறது. அதை நம்பி யாராவது ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து இருபத்துநாலு டிரைவரை வெளிநாட்ல இருந்து கஸ்டம்ஸ் கட்டி வரவழைச்சிட்டா அப்புறம் திருப்பி அனுப்ப முடியாது, அதுக்காகத்தான் இந்தக் கடிதம்.

10 கிலோஹெர்ட்ஸ் சத்தத்தோட அலைநீளம் கிட்டத்தட்ட 3.4 செ.மீ. தான். சாதாரண டோம் ட்வீட்டரோட (மேல் ஸ்வரம் தர்ற, குவிஞ்ச முகம் உள்ள சின்ன டிரைவர்) முகப்புத் தட்டே 10 செ.மீ. இருக்கும், அப்ப ஒரு டோமுக்கும் அடுத்த டோமுக்கும் நடுவுல மூணு அலை இடைவெளி விழுந்துடும், ரெண்டுல இருந்தும் வர்ற சத்தம் காதுக்கிட்ட சில இடத்துல கூடும் சில இடத்துல அடிச்சுக்கும், தலையைக் கொஞ்சம் மேல கீழ அசைச்சாலே ஹை-ஹாட் (டிரம்ஸ்ல இருக்கற தாளத்தட்டு) சத்தம் மாறும். பிளேனர்ல மெல்லிய பிலிம் மேல அலுமினியம் தடம் ஓடுது, முன்னாடியும் பின்னாடியும் நியோடிமியம் பார் மேக்னட், பிலிம் முழுக்க ஒண்ணா அசையும், அதனால நீளமான பட்டையா சத்தம் வரும். இதுவரைக்கும் கட்டுரையாளர் சொன்னது சரிதாங்க. ஆனா பிலிம் ஃப்ரேமோட ஓரம் வரைக்கும் போறதில்லையே, பிலிம் முடிஞ்சு ஃப்ரேம், ஸ்க்ரூ போடற விளிம்பு, அப்புறம் அடுத்த டிரைவரோட விளிம்பு, அதுக்கப்புறம்தான் அடுத்த பிலிம். அந்த இடத்துல சத்தமே கிடையாது.

இந்தச் சத்தமில்லாத இடம் எவ்வளவு இருக்கலாம்ங்கறதுக்கு ஒரு கணக்கு ஏற்கெனவே இருக்கு. 1992ல பிரான்ஸ்ல எல்-அகூஸ்டிக்ஸ் கம்பெனி வி-டாஸ்க்னு கச்சேரிக்கான லைன் அரே கொண்டு வந்தாங்க, அதுக்குப் பின்னாடி இருந்த கிறிஸ்டியன் ஹைலும் மார்செல் உர்பானும் போட்ட விதி என்னன்னா, ஒண்ணு டிரைவர் இடைவெளி அரை அலைநீளத்துக்குள்ள இருக்கணும், இல்லைன்னா வரிசையோட மொத்த உயரத்துல 80 சதவீதமாவது சத்தம் தர்ற தட்டையான பரப்பா இருக்கணும். 16 கிலோஹெர்ட்ஸுக்கு அரை அலைன்னா ஒரு செ.மீ. தான் வருது, அது நடக்காது, அப்ப நமக்கு மிச்சம் இருக்கறது அந்த 80 சதவீதம்தான். மைதானத்துக்குப் போட்ட விதியா இருந்தாலும் நம்ம ஹால்லயும் அதே காத்து அதே அலைதான்.

அதனால விலைப் பட்டியல்ல டெசிபல் எவ்வளவு, எத்தனை ஹெர்ட்ஸ்ல இருந்து எத்தனை வரைக்கும்னு பாக்கறதுக்கு முன்னாடி டேட்டாஷீட்ல இருக்கற அளவுப் படத்தைப் பாருங்க. ஃப்ரேம் 20 செ.மீ., பிலிம் 15 செ.மீ.ன்னா 75 சதவீதம், தேறாது. பிலிம் 16.5ன்னா தேறும். சில மாடல்ல முகப்புத் தட்டைக் கழட்டிட்டு பின்னாடி இருந்து மாட்டி ஒட்ட வைக்கலாம், பி.ஜி. கம்பெனியோட நியோ3 பிளேனர்ல நிறைய பேர் அப்படித்தான் செஞ்சாங்க. ஆனா விளிம்பை ரம்பத்தால அறுக்க மட்டும் போயிடாதீங்க, இரும்புத் தூள் மேக்னட்டுக்குள்ள இழுத்துட்டுப் போய் பிலிம்ல உரசிச்சுன்னா டிரைவர் போச்சு.

அடுத்தது அகலம். உயரத்துல அடுக்கறதால மேல கீழ சத்தம் பரவாது, அது நல்லதுதான், டைல்ஸ் தரையும் கான்கிரீட் சீலிங்கும் இருக்கற நம்ம வீட்டுக்கு அது வரம்னே சொல்லுவேன். ஆனா பக்கவாட்டுல பரவணுமே, பிலிம் 5 செ.மீ. அகலம்னா 7 கிலோஹெர்ட்ஸ் பக்கம் போகும்போதே சத்தம் குறுக ஆரம்பிச்சிடும், சோபால நடுவுல உக்காந்தவருக்கு மட்டும்தான் முழுசா கேக்கும். அதனால அதே பி.ஜி.யோட நியோ10 மாதிரி பெரிய பிளேனரை மிட்ரேஞ்சோட (நடு ஸ்வரத்தோட) நிறுத்திட்டு மேல் பகுதிக்கு ஒல்லியான ட்வீட்டர் வரிசை தனியா போடறதுதான் என் அபிப்பிராயம், செலவு கூடுதல்தான், ஆனா வேற வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல.

பாதி உயரத்துக்கு ஆறு டிரைவர் போட்டா போதாதான்னு கேப்பாங்க. ஜிம் கிரிஃபின் 2003ல வீட்டு லைன் அரேக்கு எழுதின வழிகாட்டில, தரையில இருந்து சீலிங் வரைக்கும் உள்ள உயரத்துல 70 சதவீதமாவது வரிசை இருக்கணும்னு சொல்லியிருக்கார், 10 அடி சீலிங்னா 7 அடி. 20 செ.மீ. டிரைவர் 12 போட்டா 2.4 மீட்டர் வரும், 1 கிலோஹெர்ட்ஸ்ல நியர் ஃபீல்டு (வரிசை முழுக்க ஒரே நீளப் பட்டையா கேக்கற தூரம்) 8 மீட்டர் வரைக்கும் நிக்கும், ஹால் முழுக்க அடங்கிடும். ஆறு மட்டும் போட்டா அதே 1 கிலோஹெர்ட்ஸ்ல 2 மீட்டரோட முடிஞ்சிடும், மேல் ஸ்வரம் இன்னும் தூரம் போகும், அப்ப நீங்க எங்க உக்காறீங்களோ அதுக்கேத்த மாதிரி டோனே மாறும். 12 டிரைவர், ஒவ்வொண்ணும் 8 ஓம்னா, மூணு மூணா சீரிஸ்ல கட்டி அந்த நாலு கட்டையும் பேரலல்ல சேர்த்தா 6 ஓம், பெரும்பாலான ஆம்ப்ளிஃபயர் தாங்கும். பிளேனரோட இம்பீடன்ஸ் (ஓம்ல சொல்ற மின் எதிர்ப்பு) ரெசிஸ்டர் மாதிரி நேரா போறதால கிராஸ்ஓவர் (ஸ்வரத்தைப் பிரிச்சு அந்தந்த டிரைவருக்கு அனுப்பற சர்க்யூட்) போடறவருக்கும் நிம்மதி.

இன்னொண்ணு கட்டுரையில சுத்தமா விட்டுப்போச்சு. தனியா அளந்தா நேரா இருக்கற டிரைவரை நீள வரிசையா அடுக்கினா, மேல போகப் போக ஆக்டேவுக்கு (ஹெர்ட்ஸ் ரெண்டு மடங்காகற ஒவ்வொரு தடவைக்கும்) 3 டெசிபல் வீதம் இறங்கும். அதை டி.எஸ்.பி.ல (சத்தத்தை டிஜிட்டலா சரி பண்ற கருவி) தூக்கி விட்டே ஆகணும். தனியாவே 14, 15 கிலோஹெர்ட்ஸ்ல தளர்ந்துபோற டிரைவரைத் தூக்கினா ஆம்புக்கும் பிலிமுக்கும் சுமைதான் ஏறும், அதனால மேல் முனையில தெம்பு மிச்சம் இருக்கற டிரைவரா பாத்து எடுங்க.

ஸ்பேரையும் யோசிங்க. பி.ஜி.யோட நியோ8 இப்ப உற்பத்தியிலயே இல்ல, அதுக்குப் பதிலா பார்ட்ஸ் எக்ஸ்பிரஸ்ங்கற அமெரிக்கக் கடை ஜி.ஆர்.எஸ். பேர்ல பி.டி.6816னு ஒண்ணு விக்கறாங்க. பழைய வரிசையில ஒண்ணு செத்துட்டா இதைச் சொருகிக்கலாம்னு நினைக்காதீங்க, வேற தயாரிப்புங்க, ரெஸ்பான்ஸ் அப்படியே ஒத்துப்போகும்னு எதிர்பாக்க முடியாது. எதை வாங்கினாலும் ரெண்டு கூடுதலா அதே தடவையே வாங்கி வச்சுடுங்க.

ஆசிரியர்கிட்ட ஒரே ஒரு வேண்டுகோள், அடுத்த பகுதி வரும்போது கட்டுரையாளர் சிபாரிசு பண்ற ஒவ்வொரு டிரைவருக்கும் ஃப்ரேம் உயரம், பிலிம் உயரம், பிலிம் அகலம் மூணையும் விலைக்குப் பக்கத்துலயே போடச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர், கோயம்புத்தூர்