வெங்காயத் தோலில் பச்சைப் புள்ளி ஏது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மாணவர் பக்கத்தில் தாவர செல் பற்றி வந்த கட்டுரையைப் பேத்தியோடு உட்கார்ந்து படித்தேன். படம் அழகாக இருந்தது. செல் சுவர், உட்கரு, பசுங்கணிகம் (வெளிச்சத்தைக் கொண்டு உணவு செய்யும் பச்சை உறுப்பு), மைட்டோகாண்ட்ரியா, நுண்குமிழ் (செல்லுக்குள் நீர் நிறைந்த பை) என்று எல்லாமே ஒரே பெட்டிக்குள் அடைபட்டிருந்தன. எனக்குக் குறையாகப் பட்டது அதுதான்.

போன மாதம் பேத்தி பள்ளியில் நுண்ணோக்கியில் வெங்காயத் தோலைப் பார்த்துவிட்டு வந்து ரெக்கார்டு நோட்டில் வரைந்தாள். கட்டம் கட்டமாகச் சுவர், கட்டத்துக்கு ஒரு உட்கரு. சரி. ஆனால் கூடவே பச்சைப் புள்ளிகளும் வைத்திருந்தாள். "இதைப் பார்த்தியாத்தா?" என்று கேட்டேன். "பார்க்கல அப்பத்தா, புக்குல இருக்குல்ல, அதான் போட்டேன்" என்றாள். நோட்டில் டிக் அடித்து மதிப்பெண்ணும் போட்டிருந்தார்கள். மண்ணுக்குள் வெளிச்சம் படாமல் வளரும் வெங்காயச் சதையில் பசுங்கணிகத்துக்கு என்ன வேலை? குழந்தை தன் கண்ணை நம்பாமல் படத்தை நம்பிவிட்டாள். நாலு நாளாக எனக்கு அது ஆறவில்லை.

உள்ளபடி எல்லாத் தாவர செல்லும் ஒன்றுபோல இருப்பதில்லை. செய்கிற வேலைக்குத் தக்கபடி உறுப்புகள் கூடும், குறையும், மாறும். இதைக் காட்ட எங்கள் செட்டிநாட்டு வீட்டை விட்டு வெளியே போகவே வேண்டாம். முகப்பில் நிற்கும் பர்மா தேக்குத் தூணில் உயிருள்ள செல் ஒன்றுகூட இல்லை. உள்ளிருந்ததெல்லாம் போய்ச் சுவர் மட்டும் மிச்சம். செல்லுலோஸ் என்ற நாரும் லிக்னின் என்ற கெட்டிப்பொருளும் சேர்ந்து இறுகிய அந்தச் சுவர்தான் இத்தனை தலைமுறையாக உத்தரத்தைத் தாங்குகிறது. 1665-இல் இராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் பார்த்து 'செல்' என்று பெயரிட்டதும் இப்படி வெறும் சுவரைத்தான். உட்கருவுக்கு இராபர்ட் பிரவுன் பெயர் வைக்க 1831 வரை ஆனது.

அடுப்படியில் இன்னும் நிறைய இருக்கிறது. பச்சை மிளகாய் பழுக்கும்போது அதன் பசுங்கணிகங்களே சிவப்பு நிறத்தைத் தாங்கும் வண்ணக்கணிகங்களாக மாறுகின்றன. அந்தச் சிவப்பு எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. மிளகாய் போட்டுத் தாளித்தால் எண்ணெய் சிவப்பது அதனால்தான். கறுப்புக் கவுனி அரிசியோ நேர்மாறு. அதன் நிறம் தோல் செல்களின் நுண்குமிழ்ச் சாற்றில் சேர்ந்த ஆந்தோசயனின். அது தண்ணீரில் கரையும் சாயம். ராத்திரி ஊறப்போட்டால் விடிவதற்குள் தண்ணீர் நாவல்பழ நிறமாகிவிடும். மிளகாயையும் கவுனியையும் தனித்தனிக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டு வைத்தால், நிறம் எங்கே தங்கியிருந்தது என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

நுண்குமிழைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தங்கள் கட்டுரை அதற்கு 'சேமிக்கும்' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொண்டது. பெயரைக் கேட்டால் பொடிசாகத் தோன்றும். ஆனால் முதிர்ந்த தாவர செல்லில் 90 சதவீதம் வரை இடத்தை அடைப்பது அதுதான். அதிலுள்ள நீர் சுவரை உள்ளிருந்து அழுத்துவதால்தான் கீரைத்தண்டு விறைப்பாக நிற்கிறது. நீர் வற்றினால் துவளும், தண்ணீரில் நிறுத்தினால் மறுபடி நிமிரும். மாங்காய்த் துண்டில் உப்பைப் பிசறி வைத்தால் ஜாடியில் நீர் ஊறி நிற்கிறதே, அதில் பெரும்பங்கு நுண்குமிழின் நீர்தான். வெளியே உப்பு மிகுந்ததும், செல் சுவரை ஒட்டி உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வைத் தாண்டி வந்துவிடுகிறது.

அடுத்த முறை ஒரே பெட்டிப் படத்தோடு வெங்காயத் தோல், மிளகாய்த் தோல், தேக்கு மூன்றையும் நுண்ணோக்கியில் தெரிகிறபடியே தனித்தனியாக அச்சிடுங்கள். பெட்டிப் படத்தின் கீழே 'இவை எல்லாம் எல்லா செல்லிலும் இருக்காது' என்று ஒரு வரி போட்டால் போதும். பேத்தி நோட்டில் அந்தப் பச்சைப் புள்ளிகளை அழித்துவிட்டாள். மதிப்பெண் குறையுமோ என்று கேட்டாள், குறைந்தால் குறையட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
காரைக்குடி.