பழைய பிக்கப் வாங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏற்றிச் செல்லப் பழைய டீசல் பிக்கப் ஒன்றை வாங்கலாமா என்று இரண்டு மாதங்களாக யோசித்து வரும் விவசாயி நான். விற்பவர்கள் ஓடிய கிலோமீட்டரையே பெரிதாகச் சொல்கிறார்கள். அந்த எண்ணை மாற்றிவிட முடியும் என்பதால் நான் அதை நம்புவதில்லை. மாறாக, இரவு முழுவதும் நின்று குளிர்ந்த இன்ஜினை விடியற்காலையில் நம் கண்முன் ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் புகை விசையோடு வெளியேறுகிறதா என்று பார்த்தால், பிஸ்டன் ரிங்குகளின் தேய்மானம் பெரும்பாலும் தெரிந்துவிடும். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் வெல்டிங் வைத்த தடம் இருந்தால் விலகிவிடுவதே நல்லது.

2020 ஏப்ரலுக்கு முந்தைய பி.எஸ்.4 (பழைய புகை மாசு விதி) வண்டிகளைப் பழுது பார்ப்பது எளிது என்பது உண்மைதான். ஆனால், எட்டு ஆண்டுகளைக் கடந்த சரக்கு வாகனத்துக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டியிருப்பதால், அந்தச் செலவையும் வண்டி ஓடாமல் நிற்கும் நாள்களையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) ஃபைனான்ஸ் அடமானம் நீக்கப்படாத ஒரு வண்டிக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, அதைத் திரும்பப் பெற நான் பல வாரங்கள் அலைந்தேன். அடமானம் முடிந்ததைக் காட்டும் படிவம் 35-உம் கடன் கொடுத்த நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் கைக்கு வரும்வரை பணம் கொடுக்கக் கூடாது என்ற அறிவிப்பை, வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் காய்கறிச் சந்தைகளில் தமிழில் வைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு காய்கறி விவசாயி,
திண்டுக்கல் மாவட்டம்.