பத்து சென்ட் பாறையை விட்டுவையுங்கள்

மதிப்பிற்குரிய கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். மாங்காய் விலை, குடிநீர், பட்டா மாறுதல் என்று வரும் மனுக்களுக்கு நடுவே இது ஒரு கல்லுக்கான மனு.

வேப்பனப்பள்ளி, மகாராஜகடை பக்கம் வரப்பிலும் வேலியிலும் கிடக்கிற கருப்புக் கல்தான், ஆம்ஃபிபோலைட் என்பார்கள். கிணறு வெட்டும்போது வந்த ஒரு துண்டு என் மேசையில் இருக்கிறது. கையளவுதான், ஆனால் அதே அளவு வெள்ளைக் கல்லை விட நல்ல கனம். தண்ணீரில் நனைத்து வெயிலில் திருப்பினால், சீப்பால் வாரிவிட்டது போல ஒரே திசையில் சின்னச் சின்ன ஊசிகள் மினுங்கும். அந்த ஊசிகள் ஹார்ன்பிளெண்ட் என்ற கனிமம். சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பு, பிறகு ஆழத்தில் புதைந்து, 500 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து இந்தக் கல்லாக உருமாறியது. உருமாறிய பாறைக்கு எடுத்துக்காட்டு கேட்டால் எங்கள் பிள்ளைகள் சலவைக்கல் என்று எழுதி மார்க் வாங்கிவிடுகிறார்கள். காலடியில் கிடப்பது தெரியாது.

கோலார் தங்கச் சுரங்கம் 2001இல் மூடப்பட்டதே, அது இருந்த பாறைப் பட்டையின் தென்கோடிதான் இது. உடனே தங்கம் இருக்கிறதா என்பார்கள். அதற்காக எழுதவில்லை. கருப்பு கிரானைட் என்று கப்பலேறும் டோலரைட்டும் வேறு. அது பிற்காலத்தில் பாறை வெடிப்புகளில் புகுந்து உறைந்த குழம்பு.

நான் மாணவர்களைக் கூட்டிப்போய்க் காட்டிய ஒரு பாறை, போன வருடம் பார்த்தால் குழியாக இருந்தது. பட்டா நிலம், உரிமமும் இருந்திருக்கும். சரி, போனது போகட்டும்.

சித்ரதுர்கா அருகே மாரடிஹள்ளியில் தலையணை போல உருண்டு உறைந்த எரிமலைப் பாறை தேசியப் புவியியல் சின்னம். பெங்களூரு லால்பாக் பாறைக்கும் அதே மரியாதை. தமிழ்நாட்டில் பல்லாவரத்துச் சார்னோகைட் பாறைக்கு உண்டு, நம் கருப்புக் கல்லுக்கு இல்லை.

புவியியலாளர் ஒருவரை அனுப்பி, புறம்போக்கில் பாறை நன்றாகத் தெரிகிற பத்து சென்ட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். குவாரி ஏல வரைபடத்தில் அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, ஏலத்திலிருந்து விலக்கிவிடுங்கள். தமிழில் ஒரு பலகை போதும், கம்பி வேலியெல்லாம் வேண்டாம்.

நேரில் வந்தால் நானே கூட்டிப்போகிறேன். ஒரு பாட்டில் தண்ணீர் மட்டும் கொண்டு வாருங்கள், நனைத்தால்தான் ஊசி தெரியும்.

இப்படிக்கு,
வேப்பனப்பள்ளி பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியர்