செயலாளர் ஆண்டறிக்கை: சைக்கிள் பாதை கோரிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். தெருவிளக்கு, கொசு மருந்து வேலைகளில் குறையில்லை. இந்த ஆண்டு கூட்டங்களில் அதிகம் பேசப்பட்டது பிரதான சாலைக்குச் சைக்கிள் பாதை கேட்பதா என்பதுதான். அறிக்கையின் பெரும்பகுதியும் அதைப் பற்றியதே.

பாதை வந்தால் நெரிசல் கூடும் என்று கடைக்காரர்களான உறுப்பினர்கள் அஞ்சினார்கள். அகலக் கணக்கை அவர்கள் முன் வைத்தோம். சாலை 18 மீட்டர். கடைத்தெருவுக்கான நடைபாதை 2.5 மீட்டர், சைக்கிளுக்கு 2, வண்டிகளிடமிருந்து பிரிக்க அரை மீட்டர். இரு பக்கமும் சேர்த்து 10. பேருந்து போக வர 3.5 வீதம் 7. மிஞ்சும் ஒரு மீட்டர் மரத்துக்கும் மின்பெட்டிக்கும் சரியாகிவிடும். ஒரு வரிசை கார் நிறுத்த மட்டும் 2 மீட்டருக்குக் குறையாமல் வேண்டும். ஆக, சைக்கிளோடு இடத்துக்கு மல்லுக்கு நிற்பது ஓடும் வண்டி அல்ல, நிறுத்தி வைத்த கார். இது விளங்கிய பிறகே பேச்சு நகர்ந்தது. சரக்கு இறக்குவதில் அவர்கள் சொன்ன சிரமம் உண்மையானது. காலை 8 மணிக்குள் இறக்குவது, பக்கத் தெரு முனையில் அதற்கென இடம் ஒதுக்கக் கேட்பது என்று முடிவானது.

வெள்ளைக் கோடு மட்டும் போட்டுத் தருவதானால் வேண்டாம் என்று தீர்மானத்திலேயே எழுதியிருக்கிறோம். கோட்டின் மேல் மறுநாளே கார் நிற்கும். ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்குவதும் அந்த ஓரத்தில்தான். பாதை 10 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும். பக்கத் தெரு சேருமிடத்தில் பாதை இறங்கக் கூடாது, கார்தான் ஏறி இறங்க வேண்டும். அப்போதுதான் திருப்பத்தில் வேகம் குறையும். வடிகால் மூடியின் கம்பிகள் குறுக்காக இருக்க வேண்டும். நெடுக்காக இருந்தால் முன்சக்கரம் சிக்கிக்கொள்ளும். தார் மேல் தாராக 40 மி.மீ. வீதம் இரண்டு முறை போட்டாலே அந்த உயரத்தில் பெரும்பகுதி காணாமல் போகும். அதனால் பழைய தாரைச் சுரண்டிவிட்டே புதிது போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளர் இட்ட உத்தரவையும் மனுவில் சுட்டியிருக்கிறோம்.

இன்னொன்று, வண்டிகளை எண்ணாமல் ஆட்களை எண்ணக் கேட்டிருக்கிறோம். சாலை அமைப்புக்கு நெறிமுறை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரசின் 1990-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் (ஐ.ஆர்.சி. 106), ஒரு வண்டி சாலையில் பிடிக்கும் இடத்தைக் கார் கணக்கில் சொன்னால் சைக்கிளுக்கு மதிப்பு 0.5 காருக்கு மேல் இல்லை, பேருந்துக்கு 2.2 முதல் 3.7 வரை. ஐம்பது பேர் ஏறிய பேருந்து நாலு காரின் இடத்தைக்கூடப் பிடிப்பதில்லை.

சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டாரில்லாப் போக்குவரத்துக்கெனக் கொள்கை வகுத்து, போக்குவரத்து நிதியில் 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்கச் சொன்னது. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லாமல் தரும் சைக்கிளை அவர்கள் லாரிகளுக்கு நடுவே ஓட்டிப் போகிறார்கள். இது நமக்குப் பொறுக்கவில்லை.

நவம்பர் 1 பகுதி சபையில் மனு கொடுத்தோம், பதில் வரவில்லை. ஜூனில் பள்ளி திறந்ததும் காலை 8 முதல் 9.30 வரை எண்ணிக்கை எடுக்கிறோம். ஒரு சந்திப்புக்கு நான்கு பேர் வேண்டும், திசைக்கு ஒருவராக. வர இயலும் உறுப்பினர்கள் மே மாதக் கூட்டத்துக்குள் பெயர் தாருங்கள்.