சனிக்கிழமை திரையிடல்: 'டான்டேஸ் பீக்'

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம். இந்தச் சனிக்கிழமை மாலை 6 மணிக்கு நம் பொது அரங்கில், 1997இல் வெளிவந்த 'டான்டேஸ் பீக்' படத்தைத் திரையிடுகிறோம். உறங்கிக் கிடந்த எரிமலை விழித்து, அடிவாரச் சிற்றூரை அச்சுறுத்தும் கதை.

1. 10 வயதுக்கு உட்பட்டவர்களை அழைத்து வர வேண்டாம். வெந்நீர் ஊற்றில் இருவர் வெந்து மடிவதும், அமிலமாகிவிட்ட ஏரியைப் படகில் கடப்பதும் பிஞ்சு மனங்களை உலுக்கிவிடும். இதில் தயவுசெய்து விதிவிலக்குக் கேட்காதீர்கள்.

2. 5.45க்குள் அமர்ந்துவிடுங்கள்.

3. படம் முடிந்ததும் அரை மணி நேரம் பேசுவோம். 1985இல் கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை வெடித்தபோது, எச்சரிக்கை இருந்தும் வெளியேற்றப்படாத அர்மேரோ நகர மக்களில் ஏறத்தாழ 20,000 பேர் சேற்றுப் பெருக்கில் மாண்டார்கள். பிள்ளைகள் இதைக் கட்டாயம் அறிய வேண்டும்.

4. எத்தனை பேர் வருகிறீர்கள் என்பதை வியாழன் இரவுக்குள் இங்கே பதிவிடுங்கள்.